இந்த வீட்டுக் கை

வளர்ப்புக்குப் பட்டுப்புழு இறக்கிவிட்டால் அந்த வீட்டில் வாசனை என்று ஒன்று இருக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, தலைக்கு எண்ணெய் தடவக்கூடாது, வாசனை சோப்பு, பவுடர், ஊதுவத்தி எதுவும் வாசற்படியைத் தாண்டக்கூடாது. அந்தோணியார் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி எரியலாம். அதுகூட அவர் புனிதர் என்பதால் கிடைத்த சலுகை. பீடி பிடித்துவிட்டு வந்த சொந்தச் சித்தப்பாவை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்தி, நலம் விசாரித்து அனுப்பிய வீடு அது. பட்டுப்புழுவுக்கு வாசனை ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சரியா தவறா என்று பென்னாகரம் ரோட்டில் எந்தப் புழுக்காரர் வீட்டிலாவது வாயைத் திறந்து கேட்டுப் பாருங்கள். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

இந்தச் சட்டத்துக்கெல்லாம் காவல்காரி ரோசம்மாள். வீட்டுக்காரன் ஆண்டோவுக்கு அக்கா. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து புருஷன் போனதும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிள்ளை இல்லை. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்த பிறகு தம்பியையும் புழுக்கொட்டகையையும் அவள்தான் தாங்கி நின்றாள். அவள் கை பட்ட புழு கெட்டதில்லை என்று ஊரே சொல்லும். ரேஷன் கடையில் மட்டும் அந்தக் கைக்கு மரியாதை கிடையாது. எந்த விரலை வைத்தாலும் கைரேகை மெஷின் எடுக்காது.

"உனக்கு ரேகையே இல்லக்கா. நீ யாருன்னு கவர்மெண்டுக்கே தெரியல" என்பான் கடைக்கார மாது.

"என் கையைப் புழுவுக்குத் தெரியும், போடா" என்பாள் ரோசம்மாள். வரிசையே சிரிக்கும்.

ஆண்டோ கட்டிக்கொண்டு வந்த சில்வியா பொம்மிடிக்காரி. ரயில் சத்தத்தில் வளர்ந்தவள், அதனால் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள். நியாயம் தன் பக்கம் இருந்தால் இன்னும் உரக்கப் பேசுவாள். நியாயம் பெரும்பாலும் தன் பக்கம்தான் இருக்கிறது என்பது அவளுடைய எண்ணம். வந்த புதிதில் ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்ததும் வாந்தி எடுத்தாள். பிறகு பழகிவிட்டாள். புழு இறக்குவதற்கு முன் கொட்டகையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுவது, சுண்ணாம்பைச் சலித்து அதோடு பாக்கெட்டில் வரும் மருந்துத் தூளைப் பிசறி வைப்பது எல்லாம் அவள் வேலை ஆனது. ரப்பர் கையுறை ஒரு ஜோடி ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை எடுக்கப்போன சில்வியாவை ரோசம்மாள் தடுத்துவிட்டாள்.

"அதை மாட்டினா கைக்கு ஒண்ணுமே தெரியாது. புழு வேலைக்குக் கைதான் கண்ணு."

முதல் வருஷம் சில்வியாவின் கை வெடித்துக் கிடந்தது. சோற்றில் குழம்பைப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். பிறகு அந்த எரிச்சல் தானாக நின்றது. ஒருநாள் கொதிக்கிற சோற்றுப் பானையைக் கரித்துணி இல்லாமல் அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். ஆண்டோ வாயைப் பிளந்தான். ரோசம்மாள் சிரித்தாள்.

"இப்பதான் இவளுக்கு இந்த வூட்டுக் கை வந்துருக்குது."

மாமியார் இல்லாத வீட்டில் நாத்தனார் வாயால் மருமகள் வாங்கிய முதல் பாராட்டு அது. சில்வியா அதைப் பொம்மிடிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னாள்.

பிளசி பிறந்தது அதற்குப் பிறகு. ரோஜா நிறத்தில் பிறந்த குழந்தை. தொட்டால் விரல் தடம் விழுகிற தோல். நடக்கத் தொடங்கிய வயதில் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. தூக்கத்திலேயே சொறிந்து ரத்தம் பார்க்கும். சில்வியா அவளைத் தூக்கிக்கொண்டு தருமபுரிக்கு ஓடினாள். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"வெதுவெதுப்பான தண்ணியில குளிப்பாட்டுங்க. உங்க கையை விட்டுப் பாருங்க, கைக்கு இதமா இருந்தா போதும். தேய்க்காதீங்க, துண்டால ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள இந்த லோஷனைப் பூசிடுங்க. பவுடர் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், வேப்பிலை வேண்டாம். இந்தத் தோல் ரொம்ப மெல்லிசு, அதுக்கு எதுவுமே அதிகம்."

சில்வியா அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டாள். யார் வந்து என்ன வைத்தியம் சொன்னாலும் அவள் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பிப்பாள். ஊரில் அவளுக்கு 'அரை டாக்டர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ஒரு குறை, குளிக்கும்போது மட்டும் பிளசி வீறிட்டு அழுதாள். விறகடுப்பில் காய்ந்த தண்ணீரை வாளியில் விளாவி, சில்வியா மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்து, திருப்தியான பிறகுதான் முதல் சொம்பை ஊற்றுவாள். அந்த முதல் சொம்புக்கே குழந்தை விறைத்துக்கொள்ளும். புண்ணில் தண்ணீர் பட்டால் எரியத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றி முடிப்பாள். முடிப்பதற்குள் தாயும் பிள்ளையும் சேர்ந்து அழுதிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்தபோது ஆண்டோ குழந்தையைத் தொட்டித் தண்ணீரில் அப்படியே இறக்கிக் குளிப்பாட்டிவிட்டான். திரும்பி வந்த சில்வியா பார்த்தது, தண்ணீரை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்த பிளசியை.

"பச்சைத் தண்ணியிலயா? ஜன்னி கண்டா யாரு பாக்கறது? டாக்டர் என்னா சொன்னாங்க?"

"அழவேயில்ல, பாரேன்."

"அழலைன்னா நல்லதுன்னு அர்த்தமா? உங்களுக்கு என்னா தெரியும்? வைங்க கொழந்தையை."

ஆண்டோ வைத்துவிட்டான். பட்டுக்கூட்டைத் தன் குட்டி வேனில் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போய் விலை பேசுகிறவன்தான். வீட்டுக்குள் இரண்டு பொம்பளைகளுக்கு நடுவில் அவன் பேச்சு எடுபடாது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. புழு நாலாம் ஜுரத்தில் இருந்தது. பட்டுப்புழு ஒவ்வொரு முறை சட்டையைக் கழற்றுவதற்கு முன்னும் தின்னாமல், அசையாமல், தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். அதைத்தான் எங்கள் பக்கம் ஜுரம் என்பார்கள். நாலு ஜுரம் கண்டு எழுந்தால் ஒரு வாரம் பேய்த் தீனி தின்றுவிட்டுக் கூடு கட்டும். ஜுரத்தில் படுக்கை ஈரமானால் மொத்தமும் போச்சு. அதனால் மெல்லிய துணியில் சுண்ணாம்புத் தூளைக் கட்டிப் புழுவின் மேலேயே தட்டித் தட்டித் தூவுவார்கள். தூவியபின் புழு கிடக்கும் தட்டுகளைப் பார்த்தால் வெள்ளைத் துணி போர்த்திப் பிணங்களை வரிசையாகக் கிடத்தியதுபோல இருக்கும். ரோசம்மாளுக்கு அதைப் பார்த்தால்தான் நிம்மதி.

அன்று காலை பிளசிக்கு லோஷன் பூசிவிட்டு அவளை இடுப்பில் வைத்தபடி கொட்டகைப் பக்கம் வந்தாள் சில்வியா. ரோசம்மாள் உள்ளேயிருந்தே மூக்கை உறிஞ்சினாள்.

"என்னா வாசம் அது?"

"டாக்டர் குடுத்த மருந்து, அண்ணி."

"மருந்து பூ மாதிரி மணக்குமா? எடுத்துட்டுப் போ. நாலாம் ஜுரம் எழற வரைக்கும், அப்புறம் கூடு கட்டற வரைக்கும், அந்த பாட்டில் இந்த வூட்டுல இருக்கக்கூடாது."

"அதுவரைக்கும் கொழந்தை தோலு என்னாத்துக்கு ஆவறது?"

"கொஞ்ச நாளுதானே. தோலு எங்க போவுது?"

"உங்க புழுவுக்கு இருக்கற தோலு என் கொழந்தைக்கு இல்லையா, அண்ணி?" சில்வியாவின் குரல் அடுத்த காட்டுக்குக் கேட்டது. "புழு ஜுரம்னா வூடே மூச்சு வுடாம கெடக்குது. இவ ராத்திரியெல்லாம் ரத்தம் வர சொறியறா. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

ஆண்டோ இருவரையும் பார்த்தான். வருஷத்துச் சாப்பாடு அந்தத் தட்டுகளில் கிடந்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றடி மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டான். சில்வியா அவனோடு அன்று பேசவில்லை. லோஷன் போனாலும் மற்றதை விடக்கூடாது என்று குளியலை மட்டும் இன்னும் கவனமாக, இன்னும் இதமாக, வேளை தவறாமல் நடத்தினாள்.

நாலாம் ஜுரம் எழுந்தது. புழுக்கள் தின்னத் தொடங்கின. கொட்டகைக்குள் மழை பெய்வதுபோன்ற அந்தத் தீனிச் சத்தம், வெளியே நிஜ மழைச் சத்தம். இரண்டும் ஓயவில்லை. மரச்சட்டங்களில் பூஞ்சை பிடித்தது. அலசிப் போட்ட துணி காயவில்லை. பிளசியின் கழுத்து மடிப்பில் தோல் வெந்ததுபோலச் சிவந்து நீர் கசிந்தது. தொடை இடுக்கிலும் அப்படியே. முதுகு முழுக்கச் சிவப்பு பரவியிருந்தது.

தட்டுகளில் பால் நோய் தலைகாட்டியதும் அந்த நாட்களில்தான். பால் நோய் கண்ட புழு மஞ்சளாக உப்பும். தோல் மெலிந்து மினுங்கும். தொட்டால் கிழிந்து பால்போல வடியும். அந்தப் பால் பட்ட புழுவும் போகும். ரோசம்மாள் தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்து, சந்தேகப்பட்ட புழுவை இரண்டு விரலால் எடுத்துப் பிளீச்சிங் தண்ணீரில் போட்டாள். போடும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு முறை அதே இரண்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பிளசியின் மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தும் பார்த்தாள். புழுவைப் பார்க்கிற அதே பார்வை. சில்வியா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஈரம் நிக்குது. இப்படியே வுட்டா கெட்டுப்போயிடும்" என்றாள் ரோசம்மாள்.

"கெட்டுப்போவ அது என்னா புழுவா?"

"புழுவை வுட மெல்லிசு. அதான் சொல்றேன். இந்த இடமெல்லாம் காயணும் சில்வியா. பவுடர் கிவுடர் போட்டாவது..."

"பவுடர் போடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீங்களும்தான் வாசம் ஆவாதுன்னு சொல்றீங்க. லோஷனைக் குடுங்க, பூசறேன். இல்லைன்னா சும்மா இருங்க."

ரோசம்மாள் குழந்தையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தக் குழந்தையை விட்டால் யார் இருக்கிறார்கள்? பிளசி முதன்முதலில் சொன்ன வார்த்தையே 'அத்தே' தான். அதைச் சொல்லிக்காட்ட மாட்டாள், ஆனால் மறந்ததும் இல்லை.

மறுநாள் விடிந்ததும், அன்றே புழு பழுக்கும் என்று தெரிந்துவிட்டது. பழுத்த புழு தீனியை நிறுத்திவிட்டு உடம்பெல்லாம் தேன் நிறமாகித் தலையைத் தூக்கி ஆட்டும். அப்போது அதைப் பொறுக்கிச் சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விட வேண்டும். விடாவிட்டால் கண்ட இடத்தில் நூலைக் கக்கிவிட்டுச் சாகும். அதற்குள் கடைசித் தீனி போட்டாக வேண்டும். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, வழக்கம்போல அழவைத்து, தூளியில் போட்டுவிட்டு, சில்வியாவும் ஆண்டோவும் மழையில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு மல்பெரித் தோட்டத்தில் தழை வெட்டப் போனார்கள்.

தூளி கொட்டகை வாசலில் கட்டியிருந்தது. பிளசியின் அழுகை தோட்டம் வரை கேட்டது. சொறிய முடியாமல், படுக்க முடியாமல் அழுகிற அழுகை. சில்வியா தழையை வெட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அழுகை நின்றது. முதலில் 'அப்பாடா' என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினாள். பிறகு அந்த அமைதி நீண்டுகொண்டே போவது கவனத்துக்கு வந்தது. இத்தனை நாளில் பிளசி இவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்ததில்லை. அரிவாளைப் போட்டுவிட்டு நடந்தாள். பாதி வழியில் ஓடத் தொடங்கினாள்.

ரோசம்மாள் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். விரலை வாயில் வைத்துச் சத்தம் போடாதே என்று காட்டினாள். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"தூங்கிடுச்சு பாரு. ஈரமெல்லாம் வாங்கிடுச்சு."

சில்வியா தூளியை விலக்கிப் பார்த்தாள். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் வெள்ளை. மாவு பூசியதுபோலத் தூள் அப்பியிருந்தது. குழந்தை கண்ணை மூடியிருந்தது. ஆனால் புருவம் நெரிந்து, உதடு துடித்துக்கொண்டிருந்தது. அழுது அழுது ஓய்ந்து போயிருந்தது, தூங்கவில்லை.

பவுடர் போடாதே என்று சொன்னேனே என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மூக்கு முந்திக்கொண்டது. வாசனையே இல்லை. குழந்தைப் பவுடரானால் இந்நேரம் கொட்டகையே மணந்திருக்கும். இந்த வீட்டில் வாசனை இல்லாத தூள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைப் போன வாரம் தன் கையாலேயே சலித்துப் பிசறி வாளியில் வைத்தவள் அவள்தான்.

"சுண்ணாம்பா? அண்ணி, கொழந்தை மேல சுண்ணாம்பையா போட்டீங்க?"

"ஜுரத்துல கெடக்கற புழு மேல தூவறோம், அதுக்கே ஒண்ணும் ஆவறதில்ல. அதை வுடவா..."

சில்வியா அவளைத் தள்ளிவிட்டாள். சுண்ணாம்பு பட்டால் முதலில் உதறு, பிறகு கழுவு என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். காய்ந்த துணியால் தூளைத் தட்டித் தட்டி எடுத்தாள். தூளோடு தோலும் வந்தது. புழு கழற்றிப்போடும் சட்டையைப்போல மெல்லிசாக, சுருண்டு, துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கடியில் பச்சை இறைச்சி நிறம். அப்போதுதான் பிளசி அலறினாள். அந்த அலறலைக் கேட்டுத் தோட்டத்திலிருந்து ஆண்டோ ஓடிவந்தான். சில்வியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பம்புசெட் தண்ணீரில் பிடித்தாள். நெடுநேரம் பிடித்தாள்.

"வண்டியை எடுங்க."

ஆண்டோ கொட்டகைக்குள் பார்த்தான். தட்டுகளில் புழுக்கள் தேன் நிறத்தில் தலையைத் தூக்கி ஆட்டத் தொடங்கியிருந்தன.

"பழுத்துடுச்சு சில்வியா. இப்ப சந்திரிகையில வுடலைன்னா... அக்கா ஒருத்தியால..."

சில்வியா அவனைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். ஆனால் பேசியது அவளில்லை. ரோசம்மாள்தான். துணியில் ஒட்டியிருந்த அந்தத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தவள் சொன்னாள்.

"வண்டியை எடுடா. புழு கெடக்குது, சாவட்டும்."

பிறந்து வளர்ந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. செருப்புக்கூடப் போடாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தருமபுரி வரை மழை. முன்கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தையின் கழுத்தில் ஈரத்துணி விலகியதைச் சரி செய்ய ரோசம்மாள் கையை நீட்டினாள்.

"தொட்டீங்கன்னா அந்தக் கையை வெட்டிடுவேன்" என்றாள் சில்வியா. ரோசம்மாள் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அதே தோல் டாக்டர். குழந்தையை வாங்கிக் கழுவி, ஊசி போட்டு, களிம்பு தடவித் துணி சுற்றுகிற வரை எதையும் கேட்கவில்லை. உயிருக்குப் பயமில்லை, தழும்பு இருக்கும், சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும் என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"என்ன போட்டீங்க?"

சில்வியா விரலை நீட்டி ரோசம்மாளைக் காட்டினாள். "இவங்களைக் கேளுங்க டாக்டர். புழு மேல போடற சுண்ணாம்பு. அதுல மருந்துத் தூளு வேற."

ரோசம்மாள் எழுந்து நின்றாள். "சும்மா எடுத்துப் போட்டுடலைங்கம்மா. கொழந்தையாச்சே. முதல்ல என் கையில தண்ணி தொட்டு, தூளை வச்சு, ரொம்ப நேரம் அப்படியே வச்சிருந்து பாத்தேன். எரியல. எரிஞ்சிருந்தா போட்டிருப்பேனா? சத்தியமா எரியலைங்க."

டாக்டர் அவள் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை தடித்து, வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. நடுவில் புதிதாக வெந்த ஒரு வட்டம். அது புண் என்று ரோசம்மாளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"கண்ணை மூடிக்கங்கம்மா. பஞ்சால தொடுவேன். தொடறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க."

முழங்கையில் பஞ்சு பட்டதும் "ம்" என்றாள். முன்கையில் "ம்" என்றாள். மணிக்கட்டைத் தாண்டியதும் சத்தம் இல்லை. உள்ளங்கை, விரல் நுனி, கட்டைவிரல் என்று டாக்டர் ஒவ்வொன்றாகத் தொட்டார். குண்டூசியின் தலையால் அழுத்தியும் பார்த்தார். ரோசம்மாள் கண்ணை மூடியபடி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, அடுத்த தொடுகைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

சில்வியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "செத்த கை! செத்த கையை வச்சிக்கிட்டா என் கொழந்தைக்கு நல்லது கெட்டது பாத்தீங்க? கண்ணு, கண்ணுன்னு சொன்னீங்களே, இதுவா கண்ணு?"

ஆண்டோ அவள் தோளைத் தொட்டான். உதறிவிட்டாள். டாக்டர் குழந்தையை மெதுவாகக் குப்புறத் திருப்பி, முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்து, தொடை இடுக்கு, அது சுண்ணாம்பு. சரி. இந்த முதுகு?"

"அது அந்த அலர்ஜிதானுங்களே டாக்டர்."

"இல்லைங்க. அது மடிப்புலதான் வரும். இது முதுகு பூரா ஒரே மாதிரி சிவந்திருக்கு. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. இங்க தூளும் படல." அவர் நிமிர்ந்தார். "குளிக்கத் தண்ணி எவ்வளவு சூடா ஊத்தறீங்க?"

சில்வியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நாள் எந்த விஷயத்தில் அவள் ஒரு இம்மியும் பிசகவில்லையோ, அதிலேயே கேள்வியா?

"நீங்க சொன்னது அப்படியே செய்யறேன் டாக்டர். இந்த வூட்டுலயே நான் ஒருத்திதான் செய்யறேன். வெதுவெதுன்னுதான். வேற யாரையும் நம்பி வுடறதே இல்லை. நானே கையை வுட்டுப் பாத்துட்டு, கைக்கு இதமா இருந்தாதான் ஊத்துவேன்."

ஆண்டோ அவளுடைய கையைப் பார்த்தான். அவன் முகம் ஏன் அப்படி மாறுகிறது என்று சில்வியாவுக்குப் புரியவில்லை.

"நீங்களும்தான் அந்தச் சுண்ணாம்பு பிசறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமாங்க. மூணு வருஷமா நான்தான்."

"உக்காருங்க. கையை நீட்டுங்க. கண்ணை மூடிக்கங்க."

இதில் என்ன இருக்கிறது என்பதுபோல உட்கார்ந்து, உள்ளங்கை இரண்டையும் விரித்து நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள் சில்வியா. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வது கேட்டது. கட்டிலில் பிளசி விட்டு விட்டு விசும்புவது கேட்டது. யாரோ ஸ்டூலை நகர்த்தினார்கள். டாக்டர் பஞ்சு எடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். கையில் எதுவும் படவில்லை.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றாள்.

குண்டூசியைத் தட்டில் போடும் சத்தம் கேட்டது. பக்கத்தில் ரோசம்மாள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். சில்வியாவுக்குக் கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. இன்று காலையிலும் அவள்தான் கையை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றியிருந்தாள்.